தோட்டக்கலை என்றால் என்ன? விவசாயம் வந்த பிறகுதான் அது வந்ததா?

மட்டக்களப்பில் வட்டைக்குள், அதாவது வயல்வெளியில், செய்வது வெள்ளாமை, வீட்டு வளவுக்குள்ளும் கிணற்றடியிலும் செய்வது தோட்டம். இந்தப் பிரிவே உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை. நெல்லை யாரும் ஒவ்வொரு பயிராகப் பார்ப்பதில்லை, வயலாகத்தான் பார்ப்பார்கள். கத்தரிக்கும் வாழைக்கும் அது சரிவராது. ஒவ்வொன்றுக்கும் கிட்டப் போய்த் தண்ணீர், பசளை, பூச்சி எல்லாம் பார்க்க வேண்டும். அப்படிக் கவனித்து வளர்க்கிற பழம், மரக்கறி, பூ, வாசனைப் பயிர், மூலிகை எல்லாம் தோட்டக்கலைக்குள் வரும். சிலர் காணியின் அளவை வைத்துப் பிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏக்கர் கணக்கில் மாமரம் நட்டாலும் அது தோட்டப்பயிர்தான். எல்லை கொஞ்சம் ஆடவும் செய்யும்: உருளைக்கிழங்கை இந்தியாவில் தோட்டப்பயிரில் சேர்ப்பார்கள், வேறு சில இடங்களில் வயற்பயிராகக் கொள்வார்கள்.

மட்டக்களப்பில் களுதாவளைப் பக்கம் வெற்றிலைத் தோட்டம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். வெற்றிலைக்கு விதை போடுவதில்லை. நல்ல கொடியாகப் பார்த்து, சில கணுக்கள் வருகிறமாதிரி வெட்டி, அடிக்கணு மண்ணுக்குள் போக நட வேண்டும். வேர் அந்தக் கணுவில்தான் விடும். மணல் தரை, ஊற்றிய தண்ணீர் நிற்காது. அதனால் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடி ஏற ஏறக் கம்போடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இலையும் ஒவ்வொன்றாகத்தான் கிள்ளுவது.

இப்படி விதை போடாமல் துண்டையோ கன்றையோ நடுகிற வேலை மிகப் பழையது. பப்புவா நியூகினியின் மலைநாட்டில் குக் என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மண்ணைக் குவியலாக்கி வாழை நட்ட தடயம் கிடைத்திருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நெல்லோ கோதுமையோ அவர்களிடம் இல்லை. ஆகவே தானியம் முதலில், தோட்டம் பிறகு என்கிற வரிசை எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

மேற்காசியாவில் அந்த வரிசை ஓரளவு சரி. கோதுமை, பார்லி வந்து நெடுங்காலத்துக்குப் பிறகுதான் ஒலிவ், திராட்சை, அத்தி, பேரீச்சை தோட்டத்துக்கு வந்தன. ஏன் அவை முதலில்? கொப்பை வெட்டி நட்டால் பிடித்துவிடும், பேரீச்சையென்றால் பக்கக்கன்றைப் பிரித்து நடலாம். அப்பிளும் பேரிக்காயும் அப்படி இலேசில் பிடிக்காது. விதை போட்டாலோ தாய்மரத்தின் பழம் வராது. ஒட்டுக் கட்டத் தெரிந்த பிறகுதான் அவை பெருகின.

எங்கள் தோட்டங்களில் பழசும் புதுசும் கலந்துதான் கிடக்கிறது. வாழையும் கத்தரியும் ஆசியப் பயிர்கள். கொச்சிக்காய் (மிளகாய்), மரவள்ளி, பப்பாசி, கொய்யா, கச்சான் (நிலக்கடலை), மரமுந்திரி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், போர்த்துக்கேயர் கடல்வழி திறந்த பிறகு இந்தப் பக்கம் வந்தவை. கொச்சிக்காய் இல்லாத மீன்கறியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, ஆனால் அதற்கு முந்திய ஆட்கள் மிளகோடுதான் சமாளித்திருக்கிறார்கள்.