தாய் முயல் குட்டிகளிடம் போவதில்லையே?

கேள்வி: ஊருக்கு வந்திருக்கிறேன். பிறந்து ஒரு வாரமான முயல் குட்டிகளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். “தாய் கிட்டவே போகவில்லை, பசும்பால் கொடுக்கட்டுமா?” என்று போனில் கேட்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை.
- வாசகி, திருச்சி

பதில்: பசும்பால் வேண்டவே வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள் அம்மா. தாய் முயல் நாளைக்கு ஓரிரு முறைதான், அதுவும் சில நிமிடங்கள்தான் பால் கொடுக்கும். பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ என்பதால் யார் கண்ணிலும் படாது. காலையில் குட்டிகளின் வயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். உருண்டையாக இருந்தால் குடித்திருக்கின்றன, சரி. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, உடம்பு சில்லிட்டிருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அப்புறம், கூட்டில் கிடக்கும் தாயின் முடியை அழுக்கென்று அள்ளிப் போட்டுவிடப் போகிறார். குட்டிகளுக்குக் கதகதப்பே அதுதான். பிறந்ததிலிருந்து கண் திறக்கச் சுமார் 10 நாள் ஆகும். அதுவரை தினமும் ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.