அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காருக்கு 7 லிட்டர் எஞ்சின், ஃபெராரிக்கு 3 லிட்டர் போதும்: ஏன்?

எஞ்சின் 'இத்தனை லிட்டர்' என்றால், அதன் எல்லா சிலிண்டர்களிலும் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் மொத்தக் கொள்ளளவு. 1962-இல் வந்த ஃபெராரி 250 ஜிடிஓவில் 12 சிலிண்டர், 3 லிட்டர், சுமார் 300 குதிரைத்திறன். 1965-இன் அமெரிக்கக் காரான ஷெல்பி கோப்ரா 427-இல் 8 சிலிண்டர், 7 லிட்டர், 400-க்கு மேல்.

ஒரே தொட்டியைப் பெரிய குடத்தால் நிதானமாகவும் நிரப்பலாம், சின்னச் சொம்பால் மளமளவென்றும் நிரப்பலாம். கோப்ரா குடம்: குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைத்துவிடும். ஃபெராரி சொம்பு: நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை சுழற்றினால்தான் முழு பலமும் வரும்.

சரி, ஏன் இரண்டு வழி? முக்கியமாகப் பணம்தான். ஃபெராரியின் நாடான இத்தாலியில் அன்று பெட்ரோல் விலை அதிகம், எஞ்சின் கொள்ளளவு கூடினால் வரியும் கூடியது. அதனால் சிறிய எஞ்சினிலிருந்தே சக்தியைப் பிழிந்தெடுக்கப் பழகினார்கள். அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு. ஃபோர்டு ஆயிரக்கணக்கில் தயாரித்த பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின்களும் கையருகிலேயே இருந்தன. (கோப்ராவின் உடலமைப்பு மட்டும் பிரிட்டனின் 'ஏசி கார்ஸ்' என்ற கார் நிறுவனத்திலிருந்து வந்தது!) ஓட்டும் சுகத்துக்கு என் ஓட்டு ஃபெராரிக்கு, பழுது பார்ப்பதென்றால் கண்ணை மூடிக்கொண்டு கோப்ரா.

அப்புறம், 'அமெரிக்கக் கார் நேர்ச்சாலைக்கு மட்டும்தான்' என்பார்கள். அது தவறு: கோப்ராவிலிருந்து பிறந்த டேடோனா கூபே என்ற பந்தயக் கார், 1965-இல் வளைவுகள் நிறைந்த பந்தயங்களில் ஓடி, ஃபெராரியிடமிருந்து ஜிடி (சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களை ஒட்டிய பந்தயக் கார்கள்) பிரிவின் உலகப் பட்டத்தைப் பறித்தது.