குரல் திரும்பி வந்துவிட்டது, புது மருந்துக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். என் மகனுக்கு 23 வயது. யாரோ திட்டுவது போலக் காதில் குரல் கேட்கிறது, பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்கிறான். ஊட்டியில் கொடுத்த மாத்திரையில் நன்றாக ஆனான். உடம்பு போட்டுவிட்டது, பகலெல்லாம் தூக்கம் வருகிறது என்று அவனே நிறுத்திவிட்டான். மூன்றே மாதத்தில் குரல் திரும்பிவிட்டது. மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறோம். அமெரிக்காவில் புது மருந்து வந்திருப்பதாக மகள் போனில் பார்த்தாள். அது கிடைக்கும்வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. இந்த வாரமே ஊட்டிக்கு அழைத்துப் போங்கள். இப்படி இல்லாத குரல் கேட்பதையும், காரணமில்லாமல் சந்தேகப்படுவதையும் சைக்கோசிஸ் என்கிறோம். அதற்குச் சிகிச்சை தள்ளிப்போகப் போக, மீள்வதும் கடினமாகிறது. கயிறு கையிலேயே இருக்கட்டும், மாத்திரையும் வேண்டும்.

மகள் பார்த்தது உண்மைதான். ஜனோமெலின், ட்ராஸ்பியம் என்ற இரண்டும் சேர்ந்த அந்த மருந்துக்கு, சைக்கோசிஸை உண்டாக்கும் மனச்சிதைவு நோய்க்காக 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. இந்த நோய்க்கு 1950களிலிருந்து வந்த மருந்துகள் அநேகமாக எல்லாமே, மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையை மட்டுப்படுத்துபவை. இந்தப் புது மருந்து அசிடைல்கோலின் என்ற வேறொரு ரசாயனத்தின் வழியாக வேலை செய்கிறது. எடை அவ்வளவாகக் கூடுவதில்லை, அது எனக்கும் பெரிய சந்தோஷம். ஆனால் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். தினம் இரண்டு வேளை, அதுவும் வெறும் வயிற்றில் போட வேண்டும்.

மாத்திரையை நிறுத்தியதற்காக மகனைத் திட்டாதீர்கள். 23 வயதில் உடம்பு ஊதிக்கொண்டே போனால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதை வாய்விட்டுச் சொல்ல நேரம் கொடுக்காதது டாக்டர்களாகிய எங்கள் தவறு. இந்த முறை முதலில் அதைத்தான் சொல்லுங்கள். எடையை அதிகம் கூட்டாத அரிப்பிப்ரசோல் போன்ற மருந்துக்கு மாற்றலாம், எடை ஏறாமலிருக்க மெட்பார்மின் என்ற மாத்திரை சேர்க்கலாம், அளவைக் குறைத்துப் பார்க்கலாம். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை நீங்களாகவே முழு அளவில் கொடுத்துவிட வேண்டாம்.

அப்புறம், ஊசி. தினமும் மாத்திரை போடுவது சிரமம் என்றால், மாதம் ஒருமுறை போடும் ஊசி உண்டு. மலையில் மழைக்காலத்தில் பஸ் ஓடாமல், மருந்து தீர்ந்து, நோய் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இது பெரிய துணை. முதலில் மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசிக்கு மாற்றுவார்கள்.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய நாள் கொடுத்தும் கேட்கவில்லையென்றால் க்ளோசபின் இருக்கிறது. பழைய மருந்துதான், ஆனால் அந்த நிலையில் அதற்கு ஈடு இல்லை. ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு குறைகிறதா என்று முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்ப்பது வழக்கம்.

குரலோடு எப்படி வாழ்வது என்று சொல்லித்தரும் பேச்சுச் சிகிச்சையும் மருந்தோடு சேர்ந்து உதவும். லண்டனில், குரலுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு முகம் கொடுத்து, அதை எதிர்த்துப் பேசப் பழக்கியே அதன் பிடியைத் தளர்த்திப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில், "அப்படி ஒரு குரலே இல்லை" என்று வாதாட வேண்டாம். "உனக்குக் கேட்கிறது, பயமாகத்தான் இருக்கும்" என்று சொல்லுங்கள். கஞ்சா பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அது குரலைக் கூட்டும்.

இடையில் சந்தேகம் வந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி எண்) சேவைக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. சாப்பிட மறுத்தாலோ, தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்லிக் குரல் கட்டளையிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.