24,000 ரூபாய்க்கு ‘ஐ7 கேமிங் கணினி’: வாங்கலாமா?

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகன் கேமிங் கணினி கேட்கிறான். ஜிடிஏ 5, வாலரன்ட், மைன்கிராஃப்ட் என்று மூன்று விளையாட்டுகளின் பெயரைச் சொல்கிறான். மானிட்டரையும் சேர்த்து 65,000 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் ஊர்க் கடையில் ‘ஐ7 புராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்கு கேபினட்’ எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் என்கிறார்கள். இதையே வாங்கிவிட்டு மிச்சத்தை வங்கியில் போடலாமா? அல்லது பெரிய நிறுவனத்தின் கேமிங் கணினியாகவே வாங்குவது நல்லதா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அந்த 24,000 ரூபாய்க் கணினியை வாங்கினால், மகன் சீக்கிரமே மறுபடியும் உங்கள் முன் வந்து நிற்பான். அப்போது அந்தக் கணினியில் எடுத்துப் பயன்படுத்தத் தேறுவது கேபினட் மட்டும்தான்.

கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ‘ஐ7’ என்பது உண்மையாகவே இருக்கும். எந்த ஐ7 என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. இந்த விலையில் சந்தையில் சுற்றுபவை பெரும்பாலும் ஐ7-2600, ஐ7-3770 போன்றவை. முதலாவது 2011ஆம் ஆண்டு வந்தது, இரண்டாவது 2012இல். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகளிலிருந்து எடுத்து, புதிதாக ஒரு மலிவு மதர்போர்டில் பொருத்தி, விளக்கு எரியும் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். ஐ7-க்கு அடுத்து வரும் எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022இல் வந்த ஐ3-12100எஃப் என்ற எளிய புராசசரிலும் நான்கு கோர்கள் (கணக்குப் போடும் பிரிவுகள்), எட்டு திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்)தான். ஆனால் அது அந்தப் பழைய ஐ7-ஐ வெகுதூரம் பின்னால் தள்ளிவிடும். தலைமுறை தெரியாமல் 3, 5, 7 என்ற எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய புராசசர்களை முறைப்படி ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள், அதுவும் ஓடும். ஆனால் மகன் கேட்கிற வாலரன்ட், விண்டோஸ் 11 கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், கணினி தொடங்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட் என்ற வசதியும் இருந்தால்தான் திறக்கும். அந்தப் பழைய புராசசர்களுக்கான மதர்போர்டுகளில் பெரும்பாலும் அதற்கு வழியில்லை.

அடுத்து அந்த ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’. இது அநேகமாக ஜிடி 730 ஆக இருக்கும். 2014ஆம் ஆண்டின் சரக்கு. புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்) அதற்கு 2021-க்குப் பிறகு வரவில்லை. ஜிபி எண்ணிக்கையைக் காட்டிக் கார்டை விற்பது பழைய தந்திரம். டிடிஆர்3 என்ற பழைய வகை நினைவகம் வைத்த ஜிடி 730-இல் விநாடிக்கு 30 ஜிபி தரவுகூடப் போய்வராது. கீழே நான் சொல்லப்போகும் ஆர்எக்ஸ் 6600 கார்டில் 224 ஜிபி போய்வரும். குறுகிய சந்தின் கடைசியில் பெரிய கிடங்கு கட்டி வைத்தால் சரக்கு எப்படி வெளியே வரும்?

ஆகவே கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண்ணை எழுதித் தாருங்கள். ‘ஐ7’, ‘4 ஜிபி கார்டு’, ‘450 வாட் எஸ்எம்பிஎஸ்’ (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்று எழுதிய கொட்டேஷன் கொட்டேஷனே அல்ல. எழுதித் தர மறுக்கும் கடையில் பேரம் பேசவும் வேண்டாம்.

இனி உங்கள் 65,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். கேமிங் கணினியில் பணம் முதலில் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 22,000 ரூபாயை அதற்கு ஒதுக்குங்கள். 8 ஜிபி நினைவகம் உள்ள ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 5050, இரண்டில் எது உங்கள் கைக்கு எட்டுகிறதோ அது போதும். ஆர்டிஎக்ஸ் 3050 என்று சொன்னால் உஷாராக இருங்கள். அந்தப் பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 2024இல் வந்த 6 ஜிபி கார்டும் உண்டு. நினைவகத்தின் அளவு மட்டுமல்ல, உள்ளே கோர்களின் எண்ணிக்கையும் 6 ஜிபி கார்டில் குறைவு. ஒரே பெயரில் இரு வேறு பொருள்களை விற்பது தயாரிப்பாளர்களுக்கு எப்படி மனம் வருகிறதோ!

புராசசருக்கு ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 நல்ல தேர்வு. ஆறு கோர்கள், மகன் படிப்புக்காக புரோகிராமிங் செய்தாலும் தாங்கும். இதற்கு பி450 அல்லது பி550 மதர்போர்டு வேண்டும். பி450 என்றால் அதன் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரைசன் 5000 வரிசைக்குத் தயாராக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய இருப்பாக இருந்தால் புதுப்பித்துத் தர வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. புராசசர் பெட்டியோடு வருகிறதா என்பதும் முக்கியம். பெட்டியில்லாமல் வரும் ‘டிரே’ புராசசர் சற்று மலிவு, ஆனால் பெட்டிக்குக் கிடைக்கும் மூன்று ஆண்டு உத்தரவாதம் அதற்குக் கிடைக்காது.

இப்போது கையைக் கடிக்கும் இடம் ரேம். செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், 2025இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஆனாலும் 16 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். அதையும் ஒரே 16 ஜிபி துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி துண்டுகளாக வாங்குங்கள். இரண்டு இருந்தால்தான் புராசசருக்கு இரு வழிகளிலும் தரவு வரும். ரேம் எளிதில் தேயும் பொருள் அல்ல என்பதால், சோதித்துப் பார்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கவும் தயங்க வேண்டாம். கணக்கு அப்போதும் இடித்தால் புராசசரை ஐ3-12100எஃப் அளவுக்கு, அதற்கேற்ற மதர்போர்டோடு, இறக்குங்கள். கிராபிக்ஸ் கார்டில் கை வைக்காதீர்கள். ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் புராசசரில் உள்ளமை கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மிச்சம் பிடிக்கிறோம் என்று எல்லோரும் சறுக்குவது இங்கேதான். கேபினட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அதில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 192 வாட். கணினியின் பெரும்பசிக்காரர்களான கார்டும் புராசசரும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், ரைசன் 5 5600-க்கு 65 வாட். கூட்டினால் 197. மதர்போர்டும் மின்விசிறிகளும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. வெளியே கொட்டை எழுத்தில் 450 என்று அச்சடித்திருப்பதால் என்ன பயன்? விளையாட்டின் நடுவே கணினி பட்டென்று அணையும். கெட்ட நேரமாக இருந்தால் எஸ்எம்பிஎஸ் போகும்போது கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். 4,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை ஒதுக்கி, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்றதாக வாங்குங்கள். அந்தச் சான்று மின்சாரத்தை வீணாக்காததற்குத்தான், ஆயுளுக்கு அல்ல. ஆயுளுக்கு உத்தரவாத ஆண்டுகளைப் பாருங்கள். வீட்டில் மூன்றாவது முனைக்கு எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுவதும் நல்லது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பதற்குப் பெரும்பாலும் எர்த் இல்லாததே காரணம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஸ்எஸ்டி (விளையாட்டுகளை வைத்திருக்கும் வேகமான சேமிப்பகம்) 500 ஜிபியாவது வேண்டும். ஜிடிஏ 5-இன் புதிய பதிப்பு மட்டும் 105 ஜிபி இடம் கேட்கிறது, அதுவும் எஸ்எஸ்டியில்தான். கேபினட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், காற்று புகும் வலை போதும். நம் ஊர் மே மாதத்தை அது சமாளித்தாக வேண்டும். மானிட்டர் 24 அங்குல ஐபிஎஸ் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 முறை படம் புதுப்பிக்கும்) அல்லது அதற்கு மேல்.

பெரிய நிறுவனக் கணினி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக்கே ஆள் வந்து பழுது பார்ப்பது உங்களுக்கு முக்கியம் என்றால் வாங்கலாம். ஆனால் இதே பணத்துக்குச் சிறிய கார்டுதான் கிடைக்கும். பலவற்றில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்நிறுவனத்துக்கே உரிய அளவில் இருப்பதால் பின்னால் மாற்றவும் முடியாது. நான் அசெம்பிள் செய்யவே சொல்வேன்.

65,000 ரூபாய் மொத்தமாகப் புரளவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. உள்ளமை கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி-யோடு, இரண்டு ரேம் துண்டுகளும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் போட்டு இப்போது ஆரம்பியுங்கள். வாலரன்டும் மைன்கிராஃப்டும் நன்றாகவே ஓடும், ஜிடிஏ 5-இன் பழைய பதிப்பு அமைப்புகளைக் குறைத்தால் ஓடும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கார்டை வாங்கிச் சொருகிக்கொள்ளலாம்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் திண்டுக்கல்லில் வாங்கினாலும், வரிசை எண்கள் குறித்த ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பில் போட்டால் 18 விழுக்காடு கூடும் என்பார்கள். உத்தரவாதம் கேட்டு நிற்கும் நாளில் கையில் இருக்க வேண்டிய தாள் அதுதான். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள். பழைய கார்டுக்குப் புதிய பெயர் சூட்டியிருந்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மகனிடம் மூன்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கார்டில்தான் சொருகியிருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம் 3200 என்று காட்ட வேண்டும். 2133 அல்லது 2400 என்று காட்டினால் பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்க வேண்டும். மானிட்டர் 100 ஹெர்ட்ஸ் என்றாலும் விண்டோஸ் அதை 60-லேயே வைத்திருக்கக்கூடும். டிஸ்ப்ளே அமைப்புகளில் அதையும் மாற்றிவிட்டு விளையாட உட்காரட்டும்.