பெரிய டயர் போட்டதும் டிராக்டர் திணறுகிறது: கவர்னரைக் கழற்றலாமா?

கேள்வி: பழைய புல்வெட்டும் டிராக்டர் ஒன்றை, வெட்டும் தட்டைக் கழற்றிவிட்டு, சின்ன டிரெய்லர் இழுக்கவும் சேற்றில் ஓட்டவும் ஏற்றபடி மாற்றி வருகிறேன். ஒற்றை சிலிண்டர், 17 குதிரைத்திறன் இன்ஜின், 6 கியர். பின்னால் இருந்த 20x10.00-8 டயர்களை எடுத்துவிட்டு, பட்டை வைத்த 23x10.50-12 டயர்களைப் போட்டேன். பழைய ரிம்மின் ஹப்பை வெட்டி எடுத்துப் புது ரிம்மில் வெல்டிங் செய்திருக்கிறேன். அதிலிருந்து மேட்டில் இன்ஜின் திணறுகிறது. சுமை இல்லாமல் ஓடும்போது சத்தம் ஏறி இறங்குகிறது. ஒரு பக்க டயரில் இரண்டே நாளில் காற்று இறங்கிவிடுகிறது. இன்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரைக் கழற்றினால் பலம் கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கவர்னரைத் தொடாதீர்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டதிலேயே ஆளைக் காயப்படுத்தக்கூடியது இதுதான்.

கவர்னர் இன்ஜினின் பலத்தைப் பிடித்து வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது செய்யும் வேலை வேறு. கிராங்க் கேஸுக்குள் ஒரு சின்னப் பல்சக்கரத்தில் இரண்டு எடைகள் இருக்கும். வேகம் ஏறினால் அவை வெளியே விரிந்து, ஒரு கம்பி வழியாகத் த்ராட்டிலை, அதாவது இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் கதவை, மூடப் பார்க்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறக்கப் பார்க்கும். சுமை ஏறி வேகம் விழும்போது எடைகள் சுருங்கிக்கொள்ளும், ஸ்பிரிங் ஜெயிக்கும், த்ராட்டில் திறக்கும். அதாவது, மேட்டில் உங்கள் இன்ஜின் திணறும் அந்த நேரத்தில் கவர்னர் ஏற்கெனவே த்ராட்டிலை முழுசாகத் திறந்துவிட்டிருக்கிறது. அதைக் கழற்றினால் அங்கே கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

கிடைப்பது எல்லாம் சுமை இல்லாத நேரத்தில் கட்டில்லாத வேகம். இந்த வகை இன்ஜின்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 3600 சுற்றை உச்சமாக வைத்து வடிவமைக்கப்பட்டவை. பிஸ்டனை கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராட் பெரும்பாலும் அலுமினியம். பிஸ்டன் மேலும் கீழும் போகையில் அந்த ராடை இழுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 3600 சுற்று 5000 ஆனால் வேகம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை, ஆனால் விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ராட் உடைந்தால் இன்ஜின் பிளாக்கில் ஓட்டை விழும். அதைவிட எனக்குப் பயம் தருவது இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல். அந்த வேகத்துக்கென்று செய்யப்படாத வார்ப்பு ஃப்ளைவீல் சிதறினால், உங்கள் முழங்காலுக்கு முன்னால்தான் சிதறும். கவர்னரைக் கழற்றாமல் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுவதும், வேறு துளையில் மாட்டுவதும் இதே வேலைதான்.

சரி, பலம் எங்கே போனது? டயரிலேயே போனது. அளவில் முதல் எண் டயரின் வெளி விட்டம், நடுவில் உள்ளது அகலம், கடைசி எண் ரிம்மின் விட்டம், எல்லாம் அங்குலத்தில். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 63 அங்குலம் போகும், 23 அங்குலச் சக்கரம் 72 அங்குலம் போகும். எல்லாக் கியரிலும் வண்டி 15 சதவீதம் வேகமாகிவிட்டது. அதற்கு விலையாகத் தரையைத் தள்ளும் விசை 13 சதவீதம் குறைந்துவிட்டது. இன்ஜினைப் பொறுத்தவரை, முன்பு நீங்கள் போட்ட கியருக்கும் மேலான ஒரு கியரில் மேடு ஏறுவது போலத்தான் இது.

இதில் பலர் கவனிக்காதது பிரேக். இந்த டிராக்டர்களில் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள ஒரு சின்னத் தட்டில் இருக்கிறது. டயர் பெரிதானதும் பிரேக் பிடிக்கும் விசையும் அதே 13 சதவீதம் குறைந்துவிட்டது, வேகமோ கூடிவிட்டது. டிரெய்லரில் சுமை ஏற்றி இறக்கத்தில் விடுவதற்கு முன் பிரேக் பேடைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வெறும் வண்டியைச் சரிவில் நிறுத்திப் பாருங்கள், அசையாமல் நிற்க வேண்டும்.

இழந்த விசையை மீட்கச் சுலபமான வழி ஒரு கியர் கீழே போடுவது. கியர் வண்டி வைத்திருக்கிற உங்களுக்கு அது முடியும். முதல் கியரிலேயே திணறுகிறது என்றால் புல்லியை மாற்றுங்கள். கியர் பாக்ஸின் மேலுள்ள புல்லி 7 அங்குலம் என்றால் அதை 8 ஆக்கினால் 14 சதவீதம் திரும்பக் கிடைக்கும், டயரில் போனது ஏறக்குறைய ஈடாகிவிடும். பெல்ட் அந்தப் புல்லியைப் பாதிச் சுற்று சுற்றியிருந்தால் பெல்ட் ஒன்றரை அங்குலம் நீளம் கூடியதாக வேண்டியிருக்கும். பெரிய புல்லி சட்டத்திலோ பெல்ட் காவல் கம்பிகளிலோ உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். இன்ஜின் பக்கப் புல்லியைச் சின்னதாக்கியும் இதைச் செய்யலாம், ஆனால் சின்னப் புல்லியில் பெல்ட் அதிகம் வளைந்து சீக்கிரம் தேயும், வழுக்கவும் செய்யும். அதனால் நான் கியர் பாக்ஸ் புல்லியைத்தான் மாற்றுவேன். இதே கேள்வி ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி, அதாவது கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் வண்டி, வைத்திருப்பவருக்கு வந்தால் பதில் வேறு. அந்த வகையில் உள்ளே இருக்கும் பம்பு குறிப்பிட்ட வேகத்துக்கென்று செய்யப்பட்டது. எடை குறைந்த வண்டிகளில் வரும் அந்தப் பெட்டி பெரிய டயரின் சுமையில் எண்ணெய் சூடாகிப் பலமிழக்கும். அதில் 23 அங்குலம் போடவே வேண்டாம் என்பேன்.

இப்போது சத்தம் ஏறி இறங்குவதற்கு வருகிறேன். அது டயரால் வந்ததில்லை, முன்பே இருந்திருக்கும். டயர் மாற்றிய பிறகு வண்டியை உற்றுக் கேட்க ஆரம்பித்ததால் காதில் பட்டிருக்கும். ஆனால் இதைச் சரிசெய்தால் மேட்டில் திணறுவதும் ஓரளவு குறையும், ஏனென்றால் இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். இன்ஜினுக்கு வரும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். வேகம் விழுகிறது, கவர்னர் த்ராட்டிலைத் திறக்கிறது, வேகம் எகிறுகிறது, கவர்னர் மூடுகிறது, மறுபடி விழுகிறது. கவர்னர் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதால்தான் அந்தச் சத்தமே வருகிறது.

சோதிப்பது எளிது. இன்ஜின் சூடான பிறகு, சத்தம் ஏறி இறங்கும்போது, உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். பாதி மூடியதும் ஓட்டம் சீரானால், பெட்ரோல் போதவில்லை என்பது உறுதி. கார்புரேட்டரைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் கவர்னர் கம்பிகளும் ஸ்பிரிங்குகளும் எந்தெந்தத் துளையில் இருக்கின்றன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இதைத் தவறவிட்டால் பின்னால் பெரிய அவதி. பெட்ரோல் போகும் பெரிய துளையான மெயின் ஜெட்டைப் பெரும்பாலானோர் சுத்தம் செய்துவிடுவார்கள். அடைத்துக்கொள்வது அதைவிட நுண்ணிய பைலட் ஜெட்டும், அதற்குப் போகும் மெல்லிய பாதையும்தான். பழைய பெட்ரோல் காய்ந்து அங்கே பசையாகப் படிந்திருக்கும். ஒரு மெல்லிய செம்புக் கம்பியிழையை நுழைத்து, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றை ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். எஃகு ஊசி போட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதானால் ஜெட்டே வீண்.

கார்புரேட்டர் சுத்தமாக இருந்தும் சத்தம் போகவில்லை என்றால், அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் வழியாகக் காற்று நுழைகிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகுதான் கவர்னர் கையை, அதாவது கவர்னரையும் த்ராட்டிலையும் இணைக்கும் நெம்புகோலை, சரிசெய்ய வேண்டும். இன்ஜினை நிறுத்தி, கவர்னர் கையை அதன் தண்டில் இறுக்கும் நட்டைத் தளர்த்துங்கள். த்ராட்டிலை முழுசாகத் திறந்து பிடித்துக்கொள்ளுங்கள். த்ராட்டில் திறக்கும்போது கை எந்தப் பக்கம் நகர்ந்ததோ அதே பக்கமாகத் தண்டை முட்டும்வரை திருப்பி, நட்டை இறுக்குங்கள். பெரும்பாலான சின்ன இன்ஜின்களுக்கு இது பொருந்தும். இது கவர்னரை ஏமாற்றும் வேலை இல்லை, அது சரியாகப் பிடிக்க வழிசெய்யும் வேலை.

ஃப்ளைவீலின் மேலுள்ள மூடியைக் கழற்றி, சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவில் அடைந்திருக்கும் காய்ந்த புல்லையும் சேற்றையும் எடுத்துவிடுங்கள். புல்வெட்டிய பழைய வண்டியில் அது இல்லாமல் இருக்காது. கூடுதல் சுமையில் ஓடப்போகும் இன்ஜினுக்குக் காற்றுதான் குளிர்ச்சி.

அடுத்தது காற்று இறங்கும் டயர். சோப்புத் தண்ணீரைப் பிரஷில் தொட்டு ரிம்மின் இரண்டு ஓரத்திலும், வால்வின் அடியிலும், வால்வின் வாயிலும் தடவிப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் ரிம்மின் ஓரத்தில் குமிழ் வரும் என்று நினைக்கிறேன். துருவோ, பழைய ரப்பர் பொடியோ, வெல்டிங் சூட்டில் லேசாக வளைந்த விளிம்போ காரணமாக இருக்கும். டயரைக் கழற்றி, டயர் உட்காரும் அந்த வளையத்தைக் கம்பிப் பிரஷால் பளபளக்கத் தேய்த்து, பெயின்ட் அடித்து, வால்வைப் புதிதாக மாற்றி மறுபடி போடுங்கள். துரு குழிகுழியாகத் தின்றிருந்தால் மெனக்கெட வேண்டாம், ட்யூப் போட்டுவிடுங்கள். ட்யூப் போடும்போது டயரின் உள்ளே ஒட்டியிருக்கும் காகிதங்களை உரித்துவிட வேண்டும், அவை உரசியே ட்யூபைத் துளைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹப்பை மறுபடி வெல்டிங் செய்ய நேர்ந்தால் டயரை ரிம்மிலிருந்து முழுக்கக் கழற்றிய பிறகே செய்யுங்கள். காற்றை இறக்கிவிட்டேனே என்று டயரோடு வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் உள்ளே ரப்பர் வெந்து எரியக்கூடிய ஆவி சேரும், டயர் குண்டு போல வெடிக்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

இந்தச் சின்ன, அகலமான டயர்களை மாட்டுவது கார் டயரைவிடக் கஷ்டம். பலத்தைவிட ரிம்மின் நடுவில் உள்ள பள்ளம்தான் உதவும். அந்தப் பள்ளம் ரிம்மின் எந்த ஓரத்துக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை மேலே வைத்துக்கொள்ளுங்கள். டயரின் ஒரு பாதியை முழங்காலால் பள்ளத்துக்குள் அழுத்தினால், எதிர்ப் பாதி லீவருக்குத் தானாகவே இடம் கொடுக்கும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். கிரீஸும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும், பிறகு ரிம்மில் டயர் சுழலும்.

கடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த டயர் நசுங்கி வந்திருக்கும். ஓரங்கள் ரிம்மைத் தொடாததால் எவ்வளவு காற்றடித்தாலும் வெளியே போகும். டயரின் நடுச்சுற்றில் ராட்செட் பட்டையைக் கட்டி இறுக்குங்கள், ஓரங்கள் வெளியே விரியும். வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு வேகமாகக் காற்றை விடுங்கள். ஓரம் பிடித்ததும் பட்டையைத் தளர்த்துங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஒரு ட்யூபைப் போட்டு ஊதி இரண்டு ஓரத்தையும் உட்கார வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து ட்யூபை உருவிவிடலாம். மறுபக்கம் உட்கார்ந்தபடியே இருக்கும். எரியும் ஸ்பிரேயை உள்ளே அடித்துக் கொளுத்தி உட்கார வைக்கும் வித்தையைச் செய்யாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்டவும் கூடாது. அதற்குள் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, சோப்பு தடவி, மறுபடி. நீளமான குழாய் வைத்து, பக்கச் சுவருக்கு நேரே நிற்காமல் காற்றடியுங்கள்.

டயரின் மேல் உள்ள பட்டைகளின் திசையைப் பாருங்கள். இழுக்கும் சக்கரத்தில் பட்டைகள் சேரும் நடுமுனை முதலில் தரையைத் தொட வேண்டும். மாறிப் போட்டால் சேறு வெளியே தள்ளப்படாமல் பட்டைகளுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும். ஓட்டுவதற்கு 8 முதல் 12 பி.எஸ்.ஐ. போதும், சுமை இழுக்கும் நாளில் மேல் அளவுக்குப் போங்கள். கார் டயருக்கான அளவுமானி இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கென்று இருப்பதை வாங்குங்கள். டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரு சாக்குக்கட்டிக் கோடு போட்டுவிட்டு ஒருமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் டயர் ரிம்மில் நழுவுகிறது. ட்யூப் போட்ட டயரில் அந்த நழுவல் வால்வையே பிய்த்துவிடும்.

ஹப்பை வெல்டிங் செய்தபோது ரிம் முன்பைவிட வெளியே தள்ளி நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். இந்த வண்டிகளில் பலவற்றின் ஆக்சில் முக்கால் அங்குலத் தடிமன்தான், சக்கரத்தை ஒரு கீயும் (ஹப்பை ஆக்சிலோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டு) ஒரு கிளிப்பும்தான் பிடித்திருக்கின்றன. வெளியே தள்ளிய ஒவ்வோர் அங்குலமும் ஆக்சிலை வளைக்கும் நெம்புகோல். கீ தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். நல்ல பிடிப்புள்ள டயர் வழுக்காது, அதனால் முன்பு வழுக்கலில் போன அடியெல்லாம் இனி அந்தக் கீ மேல்தான் விழும்.

டிரெய்லர் கொக்கி பின் ஆக்சிலுக்குக் கீழேயே இருக்கட்டும். சக்கரம் சேற்றில் சிக்கிப் பிடித்துக்கொண்டால், சக்கரத்தைச் சுற்ற முடியாத விசை டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்கும். இழுவை ஆக்சிலுக்கு மேலிருந்து வந்தால் வண்டி அப்படியே பின்னால் கவிழும், கிளட்சை மிதிக்க நேரம் கிடைக்காது. பழைய வழுக்கும் டயரில் இந்த ஆபத்து குறைவாக இருந்தது, புதிய டயரில் அதிகம். முன்பக்கச் சட்டத்தில் எடை கட்டுங்கள். சிக்கிக்கொண்டால் முன்னால் இழுக்கப் பார்க்காமல், ரிவர்ஸில் மெல்ல வெளியே எடுங்கள்.