பெரெட்டா 92எஃப்எஸ்: மேகசின் மாற்றியதும் டிரிகர் செத்துப்போவது ஏன்?

பெரெட்டா 92எஃப்எஸ் கைத்துப்பாக்கியில், சுடும் போட்டியின்போது அவசரமாக மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) மாற்றி, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) இழுத்துவிட்டால் டிரிகர் தொளதொளவென்று ஆடுகிறது, வீட்டில் பழகும்போது அப்படி இல்லை என்கிறீர்கள். துப்பாக்கி கெடவில்லை. ஹேமர் (பின்னால் இருக்கும் சுத்தியல்) படுத்திருக்கிறதா என்று பாருங்கள். படுத்திருந்தால் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) விழுந்துவிட்டது என்று பொருள்.

இந்த மாடலில் சேஃப்டி நெம்புகோல் ஸ்லைடின் பின்பகுதியில், சரியாக நீங்கள் பிடித்து இழுக்கும் இடத்தில் இருக்கிறது. மேலிருந்து உள்ளங்கையால் கவ்வி இழுத்தால் கட்டைவிரலோ மற்ற விரல்களோ அதைக் கீழே தள்ளிவிடும். உடனே ஹேமர் இறங்கும், டிரிகரின் இணைப்பு துண்டிக்கப்படும். பதற்றத்தில் பிடி இறுகுவதால்தான் போட்டியில் மட்டும் நடக்கிறது.

வலக்கைக்காரர் என்றால் ஸ்லைடை இழுக்கவே வேண்டாம். புது மேகசினை உள்ளங்கையால் அடித்து ஏற்றியபின், இடப்பக்க ஸ்லைடு ஸ்டாப்பை (தோட்டா தீர்ந்ததும் ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் சிறு தாழ்) வலது கட்டைவிரலால் அழுத்துங்கள். ‘பதற்றத்தில் விரல் அதைத் தேடாது’ என்பார்கள்; பழைய மேகசினை விடுவிக்கும் பொத்தானை அழுத்தியது அதே விரல்தானே! இழுத்தே ஆகவேண்டுமென்றால் பின்னாலிருந்து பிடித்து, விரல்கள் சேஃப்டி நெம்புகோலை மேல்நோக்கித் தள்ளும்படி இழுங்கள்.

டிரிகர் இழுத்து ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் அது வேறு கோளாறு: பெரும்பாலும் மேகசின் முழுதாக ஏறியிருக்காது.

நிரந்தரத் தீர்வு, சேஃப்டி நெம்புகோலின் வேலையை மாற்றும் ‘ஜி’ மாற்றுத்தொகுப்பு. அதில் நெம்புகோல் ஹேமரை இறக்கிவிட்டுத் தானே மேலே திரும்பிவிடும். போட்டி விதிமுறை அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டு, துப்பாக்கிப் பழுதாளரிடம் கொடுத்து மாட்டுங்கள். பயிற்சிக்கு டம்மி தோட்டா மட்டும்; நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.