படகுத்துறை இல்லாத கரையில் டிரெய்லரிலிருந்து சிறிய பாய்மரப் படகைத் தனியாக இறக்க முடியுமா?

முடியும். நான்கைந்து மீட்டர் நீளமும், மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய நடுப்பலகையும் (படகு பக்கவாட்டில் நகராமல் அடியில் நீருக்குள் இறக்கும் பலகை) சுக்கானும் உள்ள படகு உங்களுடையது என்று எண்ணி எழுதுகிறேன். அடிக்கட்டை நிலையாகப் பொருத்தப்பட்ட கனமான படகுகளுக்கு இது பொருந்தாது.

நான் முதன்முறை தனியாக இறக்கிய அன்று காற்று கரையிலிருந்து நீரை நோக்கி வீசியது. பின்னால் காத்திருந்தவர்கள் ஹாரன் அடித்து அவசரப்படுத்தியதால், மூன்று மீட்டர் கயிற்றைக் கையில் பிடித்தபடியே படகை மிதக்கவிட்டேன். டிரெய்லரை மேலே இழுக்கத் திரும்பியபோது கயிறு நழுவியது. பாய் ஏற்றாத நிலையிலும் பாய்மரமும் அதைத் தாங்கும் கம்பிகளும் போதிய காற்றை வாங்கிக்கொள்ளும் என்பதை, மார்பளவு நீரில் நின்று படகு விலகிப் போவதைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். துடுப்புப் படகில் வந்த ஒருவர் அதை மீட்டுத் தந்தார். ஒருவர் படகை இறக்கும்போது அவசரப்படுத்துவது ஆபத்தான செயல் என்பதை இன்றும் வருத்தத்துடனேயே சொல்கிறேன்.

அதன்பின் பதினைந்து மீட்டர் கயிற்றின் ஒரு முனையைப் படகின் முன்முனையான அணியத்திலும், மறுமுனையைக் கரையிலுள்ள மரத்திலோ மணலில் புதைத்த நங்கூரத்திலோ கட்டிய பிறகே, படகை டிரெய்லரோடு பிடித்திருக்கும் வின்ச் கொக்கியைக் கழற்றுகிறேன். கையில் பிடித்தாலே போதும் என்பார்கள். இருவர் இருந்தால் நானும் மறுக்க மாட்டேன், ஆனால் தனியாள் வண்டியையும் கரையேற்ற வேண்டும் அல்லவா? இப்படிக் கட்டிய படகு, கரையிலிருந்து காற்று வீசும்போது தானாகவே அணியத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிற்கும். பெரிய பாயை ஏற்ற அதுவே உரிய நிலை. காற்று நீரிலிருந்து கரைக்கு வீசினால், நங்கூரத்தை இடுப்பளவு நீர் வரை நடந்து கொண்டுபோய்ப் போட்டு, அணியத்தை அதனோடு இணையுங்கள். இல்லையெனில் அலை படகைத் திருப்பித் திருப்பித் தரையில் உரசவைக்கும்.

பாய்மரத்தை, படகை நீரில் இறக்கும் முன்பே, இறக்கும் சரிவுக்கு வெளியே, தலைக்கு மேல் மின்கம்பி இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். அலுமினியப் பாய்மரம் மின்சாரத்தைக் கடத்தும். நெடுந்தொலைவு ஓடிய டிரெய்லரின் சூடான சக்கர பேரிங்குகள் குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கினால் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால், அவை ஆறும் நேரத்திலேயே இவ்வேலையை முடித்துவிடலாம். வடிகால் துளையின் அடைப்பானையும் அப்போதே இறுக்கிவிடுங்கள்.